ஆறு பத்து வண்டியின் விசில்

1978 ஆகஸ்ட் 8, செவ்வாய்

இளைப்பு: காலையில் உண்டு. மத்தியானம் கொஞ்சம். மாத்திரை: இரண்டு.

இப்படித்தான் எழுதச் சொன்னார் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "எந்தெந்த நாள்ல மூச்சு வாங்குது, அன்னிக்கு மழையா, காத்தா, என்ன சாப்பிட்டீங்க, எல்லாத்தையும் குறிச்சு வைங்க. ஒரு வருஷம் எழுதினா உங்க இளைப்போட காலண்டரே கிடைச்சிடும்." உரக்கடையில் தை மாசம் கொடுத்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு வரியோடு நிற்காது. பதினெட்டு வருஷமாய் உத்திரமேரூர் – காஞ்சிபுரம் லைனில் கண்டக்டர். பேசிப் பேசியே பழகின வாய்.

ஆடிக் காற்று. வண்டிக்குள் பாதி ஊர் மண். எங்கள் தெருமுனை ஸ்டாப்பில் விசிலை வாயில் வைத்து ஊதினால் 'புஸ்' என்று வெறும் காற்று வந்தது. டிரைவர் சின்னராசு திரும்பிப் பார்த்து, "இன்னாண்ணா, பஞ்சரு டயரா, நீயா?" என்றான். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் வாங்கியது.

எங்கள் வீடு அந்த முனையிலிருந்து நாலாவது. காலை ஆறு பத்துக்கு நான் ஊதும் விசிலைக் கேட்டுத்தான் ஜெயம்மாள் அன்றைக்கு என் மார்பு எப்படி என்று தெரிந்துகொள்வாள். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். கட்டின பெண்டாட்டிக்கு ஸ்டெதாஸ்கோப் தேவையே இல்லை.

ஆகஸ்ட் 9

காற்று. புழுதி. விசில் பாதி. கோபம் முழுசு.

ஆகஸ்ட் 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மாகறலில் வெற்றிலைக்கார ஆண்டாளம்மாள் இறங்கினார். இறங்கிவிட்டார் என்று இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. அந்தம்மா கூடையை மறந்துவிட்டு, திரும்பவும் படியில் காலை வைத்திருக்கிறார். பார்த்தேன். நிறுத்தச் சொல்லி ஒரு விசில் ஊத வேண்டும். ஊதினேன். வரவில்லை. கத்தினேன், அதுவும் வரவில்லை! யாரோ தகரத்தில் படபடவென்று தட்டி சின்னராசு பிரேக் போடுவதற்குள் ஆண்டாளம்மாள் முட்டி தேய விழுந்துவிட்டார். கூடை பள்ளத்தில்.

நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கக்கூட மூச்சில்லை. அந்தம்மா முட்டியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்ல நைனா. வெத்தலதான் போச்சி. நீ மொதல்ல மூச்சு வுடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் முதலாளி வீராசாமி கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"தங்கவேலு, உன்னைத் தொரத்தல. ஆனா விசிலு வராத கண்டக்டர வச்சிக்கினு வண்டி ஓட்ட முடியாதுப்பா. தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணிக்கோ, லைன் உன்னுது. இல்லன்னா பஸ் ஸ்டாண்டு ஆபீஸ்ல உக்காந்து பார்சல் பாரு."

ஆபீஸ்! நாலு சுவர், ஒரு மேஜை, மாம்பழக் கூடைக்குச் சீட்டு ஒட்டுவது. அதற்கு நான் வீட்டிலேயே படுத்துக்கொள்வேன். தை வரைக்கும் ஐந்து மாசம். நடுவில் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும். இரண்டுமே என் ஜென்ம விரோதிகள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இளைப்பு: குறைவு. மாத்திரை: ஒன்று.

செய்தி பரவிவிட்டது. வண்டி இப்போது நகரும் வைத்தியசாலை. டிக்கெட் கேட்டால் மருந்து சொல்கிறார்கள். ஆடாதொடை இலைக் கஷாயம், தூதுவளை ரசம், கற்பூரவல்லி, மிளகு போட்டு வெற்றிலைச் சாறு (இது ஆண்டாளம்மாள், கூடவே ஒரு கவுளி வெற்றிலையும்). களக்காட்டூர்க்காரர் ஒருவர் ஓணான்... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

ஜெயம்மாள் யாரையும் கேட்கவில்லை. நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போட்டு மூடி, "வெளிய தலய நீட்டுன, அவ்ளோதான்" என்று பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துகொண்டாள். வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மூக்கு திறந்தது. மார்பில் இருந்த கல்லை யாரோ கொஞ்சம் நகர்த்தி வைத்தது போல இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தினம் கம்பளிதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

முகூர்த்த நாள். பேண்ட் செட்டுக்காரர்கள் ஏறினார்கள். கிளாரினெட் வாசிக்கும் வரதன் என் விசிலைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். அபஸ்வரமாம்.

"நீ நெஞ்சுலேர்ந்து ஊதுற கண்டக்டரே. அங்க இன்னா கீது, காத்து தீந்துபூடும். வயித்துலேர்ந்து ஊது" என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தன் தொப்பையில் வைத்துக்கொண்டான். மூச்சை இழுக்கும்போது தொப்பை முன்னால் வந்தது, விடும்போது மெள்ளமெள்ள உள்ளே போனது. எண்ணிப் பார்த்தேன். இழுக்க நாலு, விட எட்டு. ஓடும் வண்டியில் ஒரு ஆள் தொப்பையில் கைவைத்துக்கொண்டு எண்ணும் கண்டக்டரை ஜனங்கள் என்ன நினைத்தார்களோ.

ஓரிக்கை வருவதற்குள் எனக்கே பிடிபட்டுவிட்டது. தினமும் காலையில் இருபது தடவை என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

செப்டம்பர் 19

இளைப்பு: இல்லை. ஆவி, மூச்சு, மாத்திரை மூன்றும் நடக்கிறது. விசில் முழுசு. ஜெயம்மாள் வாசலில் நின்று கையை ஆட்டினாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

மழை பிடித்தது, மார்பும் பிடித்தது. நாலு நாளாய் விசில் சரியில்லை. ஜெயம்மாளுக்குத் தெரிந்தால் லீவு போடச் சொல்வாள், லீவு போட்டால் முதலாளிக்குத் தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். தெருமுனை ஸ்டாப்பில் மட்டும் சின்னராசு விசில் ஊதுவான். டிரைவரே ஊதி, டிரைவரே கிளம்பிய வண்டி உலகத்தில் எங்கள் வண்டி ஒன்றுதான் இருக்கும்.

மூன்று நாள் நடந்தது. இன்று சோறு போடும்போது ஜெயம்மாள் கேட்டாள்: "காலைல விசிலு யாரு ஊதுனது?"

"ஏன், நான்தான்."

"உன் விசிலு கடைசில இழுக்கும். நாய்க்குட்டி கத்தறா மாதிரி. இது வெட்டுனா மாதிரி கீது. பொய்யி சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லு."

குழம்பைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள். பிறகு உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்க்காதது போலச் சாப்பிட்டேன். அயோக்கியன்.

நவம்பர் 5, ஞாயிறு

தீபாவளிக்கு விடியுமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரிலேயே குளித்தேன். வெந்நீர் வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள். வருஷத்துக்கு ஒருநாள், கங்கா ஸ்நானத்துக்கு வெந்நீரா என்று வீரம் பேசினேன். நாலு நாள் படுக்கை. மாத்திரை மூன்று மூன்றாய்ப் போகிறது. தைக்கு இன்னும் பத்து வாரம்தான்.

சின்னராசு சொல்கிறான், தாமலில் சடையப்பன் வைத்தியர் இருக்கிறார், அவன் மாமனாருக்கு இளைப்பை ஓட்டிவிட்டாராம். போய்த்தான் பார்ப்போமே.

நவம்பர் 12, ஞாயிறு

தாமல் போய்வந்தேன். ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. வைத்தியருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் என் நாடி, இன்னொரு கையில் டிரான்சிஸ்டர். விவசாயச் செய்தி முடிகிற வரைக்கும் நாடியை விடவில்லை.

லேகியம் கொடுத்தார். காலையும் மாலையும் நெல்லிக்காயளவு, ஒரு மண்டலம். பத்தியம்: புளி, தயிர், கத்திரிக்காய், கருவாடு கூடாது. எண்ணெய்க் குளியல் வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில். குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகை போடக் கூடாது. "பனி எறங்கற நேரத்துல காதையும் நெஞ்சையும் மூடிக்கோ. வெயில் காலத்துல ஐஸு பக்கமே போவாத. காலம் மாறும்போதுதான் ஒடம்பு தடுமாறும்" என்றார். நல்ல மனிதர்.

மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், என் மருந்தின்மேல் நம்பிக்கை இல்லாமல் ஏன் வந்தாய் என்பார். அவரும் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? நாட்டு மருந்து உள்ளே போனால் இங்கிலீஷ் மருந்து வெளியே போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளைத் தகர டப்பாவில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடமும் இதைச் சொல்லப் போவதில்லை. இரண்டு பேரையும் நோகடிக்காமல் குணமாகிவிட்டால் போதும்.

நவம்பர் 26

இளைப்பு: இல்லை! பதினைந்து நாளாய் மாத்திரை கிடையாது. மழையும் ஓய்ந்துவிட்டது. விசில் கணீர். வெற்றிலைக் கூடையோடு ஆண்டாளம்மாள் ஏறியதும் காதருகில் ஊதிக் காட்டினேன். "செவுடாக்கிடாத நைனா" என்றார். பார்சல் மேஜையை முதலாளியே வைத்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 11

இளைப்பு: இல்லை.

டிசம்பர் 16

இளைப்பு: இல்லை. (கொஞ்சம். பனிதான். லேகியம் முடியட்டும்.)

டிசம்பர் 23, சனி. ஆஸ்பத்திரி

மூன்று நாள் எழுதவில்லை. இப்போதும் ஜெயம்மாள் டைரியைப் பிடுங்குவதற்குள் எழுத வேண்டும்.

புதன்கிழமை காலை. ஏரி ஓரமெல்லாம் எதிரே ஆள் தெரியாத பனி. களக்காட்டூர் தாண்டியதும் மார்பு பூட்டிக்கொண்டது. வரதன் சொன்னபடி வயிற்றிலிருந்து இழுக்கப் பார்த்தேன். உள்ளே போக வழியே இல்லை. கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். செத்துடுவேன்னு நெனச்சேன். நெசமாதான். ஜெயம்மாகிட்ட சொல்லாம கொள்ளாம இப்படி டிக்கெட் கட்டோட செத்துப்போறோமேன்னு தான் தோணிச்சி.

சின்னராசு அதற்கப்புறம் ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்களும் இறங்கக் கேட்கவில்லை. ஆண்டாளம்மாள் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கஷாயமா ஒத்தடமா என்று அந்த நேரத்திலும் பின்சீட்டில் சண்டை. வண்டி நேராக ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இருபது வைத்தியர்கள் கூடவே வந்து சேர்ந்த நோயாளி நான் ஒருத்தன்தான். ஊசி போட்டார்கள். கொஞ்சங்கொஞ்சமாய் வழி திறந்தது.

இன்று டாக்டரம்மா டைரியைக் கேட்டார். ஜெயம்மாள் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஓணான் வரியில் சிரித்தார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து நவம்பர் 12இல் விரலை வைத்தார். சிரிப்பு நின்றது.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

ஜெயம்மாளும் என்னையே பார்த்தாள். "வைத்தியர்தாம்மா" என்றேன்.

இதோ எழுதிவைத்திருக்கிறேன், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று. அதை டாக்டரம்மாவும் படித்துவிட்டுத்தானே கேட்டார்? டைரியை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 24, ஞாயிறு

சின்னராசு சொல்லி, தாமலிலிருந்து சடையப்பன் வைத்தியரே வந்துவிட்டார். கையில் டிரான்சிஸ்டர் இல்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மாவும் வார்டுக்குள் வந்தார். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தால் போய்ப் படுத்திருப்பேன்.

"இவரு மாத்திரையை நீங்க நிறுத்தச் சொன்னீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வைத்தியர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கோபம் இல்லை. வருத்தம்.

"யோவ், நான் எப்பய்யா சொன்னேன்? மாத்திரை சாப்புடறேன்னு நீ சொல்லவேயில்லையே? சொல்லியிருந்தா கையப் புடிச்சிக்கினு இந்தம்மாகிட்ட இட்டாந்திருப்பேனே!"

அப்புறம் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை மாத்திரை.

"எனக்கே பிரஷரு கீது. மாசாமாசம் இதே ஆஸ்பத்திரில வந்து வாங்கிக்கினு போறேன். நானே நிறுத்தல, உன்ன நிறுத்தச் சொல்வேனா?"

ஜெயம்மாள் சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும். எனக்கு மட்டும் அழுகை வந்தது. "பொய் சொன்னேன், மன்னிச்சிடுங்க" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். மூச்சு இருந்தது, சொல்ல முடிந்தது.

அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். லேகியத்தில் என்னென்ன சேர்கிறது என்று டாக்டரம்மா கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரை தினமும், அவர் சொல்கிற வரை. ஆவியும் மூச்சுப் பயிற்சியும் அப்படியே தொடரலாம். ஆவிப் பாத்திரத்தில் முகம் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி. லேகியம் இப்போதைக்கு வேண்டாம், மார்பு சீரானதும் பார்ப்போம். "ஆனா எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியாம வேணாம்" என்றார்.

"எனக்கும்" என்றார் வைத்தியர்.

"எனக்கும்" என்றாள் ஜெயம்மாள்.

1979 ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிந்தது. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். ஆபீஸ். மேஜை. பசைக் கிண்ணம். முதல் பார்சலே மாம்பழமில்லை, கருவாடு. இன்று ஆறு பத்து வண்டிக்கு வேறொரு ஆள் விசில் ஊதினான். நான் பசைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 25

இளைப்பு: இல்லை. (இது பொய் இல்லை.)

மாசிப் பனியும் வெயிலும் கலந்த நாட்கள். காலையில் மூச்சு இருபது. மாத்திரை. காதுக்கு மப்ளர், பார்க்கிறவர்களுக்குக் கரடி. சனிக்கிழமை வெயில் ஏறியபின் எண்ணெய், வெந்நீர். டாக்டரம்மா சரி என்றதால் லேகியம் பாதியளவு.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ரசம். ஐஸ் சர்பத் வண்டிக்காரன் ஆபீஸ் வாசலிலேயே கடை போடுகிறான். விரோதி. பானைத் தண்ணீரில் நன்னாரி போட்டுக் குடித்தேன்.

முதலாளியிடம் கேட்டேன், இப்போது நன்றாக இருக்கிறதே என்று. "கோடைல யாருக்கு இளைக்கும்? ஆடிக் காத்து அடிக்கட்டும், பாப்போம்" என்றார். நியாயம்தான். நியாயமானவர்களோடு சண்டைகூடப் போட முடியவில்லை, பேஜார்.

ஜூலை 29

ஆடிக் காற்று அடிக்கிறது. ஒருநாள் மாலை கொஞ்சம் வாங்கியது. உடனே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை. அதற்கே என்னைப் பாராட்டிக்கொள்கிறேன். மாத்திரையைச் சில நாள் கூட்டிக் கொடுத்தார். ஜெயம்மாள் கம்பளியை எடுத்தாள். மூன்றே நாளில் சரி.

போன வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். பத்து நாள்தான் முன்னே பின்னே, அதே காற்று. காலண்டர் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான்.

ஆகஸ்ட் 20, திங்கள்

முதலாளி பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு, "ஊதுப்பா" என்றார். ஊதினேன். டீக்கடைக்காரர் வடைத் தட்டைக் கீழே போட்டார். லைன் எனக்கு.

மாகறலில் ஆண்டாளம்மாள் இறங்கினார். கூடையும் இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் இரண்டு விசில் கொடுத்தேன்.

டிசம்பர் 20, வியாழன்

இளைப்பு: இல்லை. மாத்திரை: காலை ஒன்று.

சரியாக ஒரு வருஷம். அதே பனி. மப்ளருக்குள்ளிருந்து வயிற்றால் இழுத்து, தெருமுனையில் இரண்டு விசில் கொடுத்தேன். கடைசியில் கொஞ்சம் கூடவே இழுத்துவிட்டேன், யார் விசில் என்று சந்தேகமே வரக்கூடாது பாருங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அவளே சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"காலைல விசிலு எப்படி கீது?"

"இன்னா விசிலு?"

"ஆறு பத்து வண்டி."

"அட, நான் எங்க கேட்டேன். எல்லம்மா வூட்ல பசு கன்னு போட்டுக்கினு இருந்திச்சி, அங்க ஓடிட்டேன். வண்டி போனதே தெரியல" என்றாள். கன்று செவலையாம், நெற்றியில் வெள்ளையாம், எழுந்து நின்று நின்று விழுந்ததாம். கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்குப் பார்த்தா? கைகால் கழுவும்போதுதான் உறைத்தது. பத்து வருஷமாக அவள் காதைத் தெருமுனையிலேயே வைத்திருந்தாள். இன்று அதையும் எடுத்துக்கொண்டு கன்றுக்குட்டி பார்க்கப் போயிருக்கிறாள்.

சீம்பால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.